அன்னமுன்னாக் கப்சூல், 60 அடைச்ச போத்தல் 7,800 ரூபா

முதலே சொல்லிப்போடுறன், கடையின்ர பேர் இதில வராது. யாழ்ப்பாணம் ரவுணுக்க இப்ப உப்பிடிக் கடை எங்க திரும்பினாலும் கிடக்கு, பச்சை போர்ட், போர்டில ஒரு இலை, இலைக்குக் கீழ இயற்கை மருந்து எண்டு ஒரு வசனம், நான் போனதும் அதில ஒண்டுதான். வேண்டினது அன்னமுன்னா (முள்ளுக் கிடக்கிற சாதி, இந்தியாக்காரர் முள் சீத்தா எண்டுறது) இலை, மஞ்சள் சத்து, மிளகுச் சத்து மூண்டும் சேர்ந்த கப்சூல் ஒரு போத்தல், கூட அன்னமுன்னா இலைத் தேயிலை ஒரு பக்கெற் 950 ரூபா. கப்சூலுக்கு மார்க் அஞ்சுக்கு ஒண்டு, அதுவும் போத்தல் நல்ல கண்ணாடிப் போத்தல் எண்டபடியால். தேயிலைக்கு அஞ்சுக்கு மூண்டு, சும்மா தேத்தண்ணியா மட்டும் குடிக்கிறதெண்டா. கடைக்கு எவ்வளவு போடுறதெண்டு இன்னும் எனக்கு முடிவில்லை.

ஏன் வேண்டினனான் எண்டா சின்னம்மாவுக்கு. அவா அளவெட்டியில இருக்கிறா, ரிட்டயர் ஆன தமிழ் ரீச்சர், போன வருசம் மார்பில கட்டி எண்டு பாத்து பயொப்சி செய்து ரிப்போட் வந்தது, அதில ஹேர் 2 எண்டு போட்டுப் பக்கத்தில 3+ எண்டு கிடந்தது. அவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிச்சுப்போட்டு என்னைக் கேட்டா, "தம்பி, மூண்டு பிளஸ் எண்டா பாஸோ பெயிலோ?" முப்பது வருசம் கொப்பி திருத்தின ஆள், வேற என்னத்தைக் கேக்கிறது. எனக்கும் அப்ப பதில் தெரியேல்லை. பேந்து வாசிச்சு விளங்கினது, ஹேர் 2 எண்டது கலத்தின்ர வெளிச்சுவரில நிக்கிற ஒரு புரதம், பெருகு பெருகு எண்டு உள்ளுக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறது, மார்புப் புற்றுநோய் வந்தவையில நூற்றுக்குப் பதினைஞ்சு இருபது பேருக்கு அது அளவுக்கு மிஞ்சிக் கிடக்கும், 3+ எண்டா நல்லாக் கூடக் கிடக்கெண்டு அர்த்தம். ஒரு காலத்தில அது சரியான பெயில்தான். இப்ப அதைப் பிடிக்கிறதுக்கெண்டே மருந்து கிடக்கிறபடியால் ஒரு விதத்தில பாஸ் எண்டும் சொல்லலாம், நான் அப்பிடித்தான் அவாவுக்குச் சொன்னனான்.

வருத்தம் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே தொடங்கீற்று வட்ஸ்அப். அன்னமுன்னா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி, மருந்துக் கொம்பனிகள் மறைச்சு வைச்சிருக்கினம், பத்துப் பேருக்கு அனுப்புங்கோ. உங்களுக்கும் வந்திருக்கும், எனக்கே ஏழு பேர் அனுப்பினவை, அதில ரெண்டு பேர் படிச்ச ஆக்கள். சின்னம்மாவின்ர மகன் கனடாவில, அவன் இரவில எடுத்து அழுறான், "அண்ணா காசு நான் போடுறன், நீங்கள் போய் நல்லதாப் பாத்து வேண்டிக் குடுங்கோ" எண்டு. தூர இருக்கிறவனுக்குச் செய்யக்கூடியது காசு போடுறது ஒண்டுதானே, அவனோட நிண்டு விஞ்ஞானம் கதைக்க எனக்கு மனம் வரேல்லை, சரி எண்டு போனனான்.

கடை உண்மையா நல்ல வடிவான கடை. ஏசி, உள்ளுக்க போனதும் சுக்கும் ஓமமும் கலந்த ஒரு வாசம், எங்கட அம்மம்மாவின்ர பெட்டகம் திறந்த மாதிரி. பனங்கற்கண்டு, முருங்கையிலைப் பவுடர், நன்னாரி வேர், வேப்பம்பூ, எல்லாம் துப்பரவா அடுக்கி விலை ஒட்டிக் கிடக்கு, வேப்பம்பூவில மண் இல்லை, அதை நான் கவனிச்சனான், சந்தையில வேண்டினா கால்வாசி மண். நிண்ட பிள்ளையள் மரியாதை, "அண்ணை இருங்கோ" எண்டு கதிரை இழுத்துப் போட்டு மல்லித் தண்ணி தந்தவை. உந்த உபசாரத்தை மட்டும் பாத்து மார்க் போட்டா அஞ்சுக்கு அஞ்சு.

கரைச்சல் தொடங்கினது நான் சின்னம்மாவுக்குக் கீமோ நடக்குது எண்டு சொன்ன இடத்தில. அங்க நிண்ட தம்பி, ஒரு இருபத்தைஞ்சு வயசு இருக்கும், கொஞ்சமும் யோசிக்காமல் போத்தலை எடுத்து வைச்சான். நாளைக்கு நாலு, சாப்பாட்டுக்குப் பிறகு. "கீமோவோட எடுக்கலாமோ?" எண்டு கேட்டன். "ஓம் அண்ணை, இது இயற்கைதானே, பக்கவிளைவு ஒண்டும் இல்லை. கீமோ எல்லாம் கெமிக்கல், இது செடி." என்ன வருத்தம், எந்த மருந்து ஏறுது, ஈரல் எப்பிடி, வயசென்ன, ஒரு கேள்வி கேக்கேல்லை. பான் வேண்டப் போனாக் கூட வெட்டினதோ வெட்டாததோ எண்டு கேப்பினம்.

லேபிளைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். முன்பக்கத்தில தங்கக் கலரில நூற்றுக்கு நூறு இயற்கை. பின்பக்கத்தில ஒவ்வொரு கப்சூலும் 500 மில்லிகிராம், அதுக்குள்ள எது எவ்வளவு எண்டு இல்லை. இலையைக் காய வைச்சு இடிச்ச தூளோ, சாறெடுத்து வத்த வைச்சதோ, அதுவும் இல்லை. ஆயுர்வேதத் திணைக்களத்தின்ர பதிவு இலக்கம் எண்டு ஒண்டும் என்ர கண்ணுக்குத் தெம்பட்டதில்லை. காலாவதித் திகதி இருந்தது, ஆனா ஸ்ரிக்கருக்கு மேல ஸ்ரிக்கர் ஒட்டி. நான் கடையில நிக்கேக்க இது ஒண்டையும் பாக்கேல்லை, வீட்டை வந்து பேந்துதான் பாத்தனான், பிழை என்னிலயும் கிடக்கு.

கஸ்தூரியார் வீதியில என்ர கூட்டாளி ஒருத்தன் நகை வேலை. பின்னேரம் அவனிட்டப் போய் இருந்து கதைச்சுக்கொண்டிருக்கேக்க சும்மா ஒரு விசரில போத்தலைத் திறந்து பத்துக் கப்சூல் எடுத்து, ஒவ்வொண்டா உடைச்சு, தூளைச் சின்னக் கடதாசித் துண்டில கொட்டி அவன்ர தங்கத் தராசில வைச்சம். முதலாவது 0.41 கிராம். ரெண்டாவது 0.36. பிறகு 0.48, பிறகு 0.31. பத்தில ஒண்டும் 500 மில்லிகிராமுக்கு வரேல்லை. கூட்டாளி சிரிச்சுக்கொண்டு சொல்றான், "நான் உப்பிடித் தாலிக்கொடி செய்து குடுத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரர் கடையை உடைச்சுப் போடுவினம்." தூளின்ர நிறமும் ரெண்டு விதம், சிலது பச்சை, சிலது மண்ணிறம். மோந்து பாத்தா மஞ்சள் வாசம் தூக்கலா வருது, அன்னமுன்னா வாசம் எனக்குத் தெரியும், எங்கட கிணத்தடியில ஒரு மரம் நிக்குது, அது வரேல்லை.

உந்தத் தராசுக் கதையை நான் இவ்வளவு இழுக்கிறதுக்குக் காரணம் பட்டிப்பூ. சின்னம்மாவின்ர முத்தத்தில வேலியோரம் முழுக்கப் பட்டிப்பூதான், இந்தியாக்காரர் நித்தியகல்யாணி எண்டு சொல்லுறவை, ரோஸும் வெள்ளையும், தண்ணி ஊத்தாட்டிலும் சாகாது, ஆடு கூட வாய் வைக்காது. மடகஸ்காரில பிறந்த செடி. இதை நீரிழிவுக்கு எண்டு சனம் அவிச்சுக் குடிச்சது. 1950களில யமேக்காவில இருந்து ஆரோ அந்த இலையைக் கனடாவுக்கு அனுப்பி, றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் எண்ட ரெண்டு பேர் சாறெடுத்து எலிக்கு ஏத்திப் பாக்கினம், சீனி இறங்கேல்லை, ஆனா எலியின்ர வெள்ளைக் கலங்கள் மளமளவெண்டு குறைஞ்சு போச்சு. நீரிழிவு மருந்து தேடினவைக்கு அது தோல்வி, ஆனா அவை இலையை எறியேல்லை, வெள்ளைக் கலம் கட்டுமட்டில்லாமல் பெருகிற வருத்தம்தானே லூக்கேமியா எண்டு யோசிச்சவை. அதில இருந்து வின்பிளாஸ்ரின், பிறகு அமெரிக்காவில வின்கிறிஸ்ரின், 1963இல வின்கிறிஸ்ரினுக்கு அங்க அனுமதி. இண்டைக்கும் இரத்தப் புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளையளுக்கு முதல் வரிசையில குடுக்கிற மருந்து அது.

இப்ப அளவைப் பாருங்கோ. வின்கிறிஸ்ரின் வளர்ந்த ஆளுக்கே ஒரு தடவைக்குப் பொதுவா 2 மில்லிகிராமுக்கு மேல போகமாட்டினம். ரெண்டு மில்லிகிராம். என்ர கூட்டாளியின்ர தராசு அதைக் காட்டவே காட்டாது, அவன்ர கடைசி இலக்கம் பத்து மில்லிகிராம். அந்த ரெண்டுக்கு மேல போனா நரம்பு போயிடும், கை கால் விறைச்சுப் போயிடும், நாளத்துக்க ஏத்துறதை மாறி முள்ளந்தண்டுக்க ஏத்தினா ஆளே முடிஞ்சுது. அதே செடி எங்கட வேலியில நிக்குது, இலையில இருக்கிற அந்தச் சாமான் எவ்வளவு குறைவெண்டா ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும், அந்த இலையிலயும் மண்ணுக்கு மண், மாசத்துக்கு மாசம் அளவு மாறும். அப்ப அதை அவிச்சுக் குடிச்சா ஒண்டில் ஒண்டும் நடக்காது, இல்லாட்டி நஞ்சு ஏறும், எந்த நாளைக்கு எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கடைத் தம்பி சொன்ன "கீமோ எல்லாம் கெமிக்கல், இது செடி" எண்ட கதை இந்த இடத்தில உடைஞ்சு போகுது, கீமோவில கனக்கச் செடிதான் ராசா, அளந்த செடி.

சின்னம்மாவுக்கு ஏறின மருந்தே அப்பிடித்தான். கிழமைக்கு ஒருக்காப் பக்லிரக்சல், பன்னிரண்டு கிழமை. கூட மூண்டு கிழமைக்கு ஒருக்கா த்ரஸ்ருசுமாப், அது ஒரு வருசத்துக்கு. பக்லிரக்சல் அமெரிக்காவின்ர மேற்குக் கரையில நிக்கிற பசிபிக் யூ எண்ட மரத்தின்ர பட்டை. 1962இல ஆதர் பார்க்ளே எண்ட தாவரவியல்காரர் பட்டையை உரிச்சு அனுப்பினவர், மொன்றோ வோல் எண்டவரும் இந்தியாவில பிறந்த மன்சுக் வானியும் அதுக்குள்ள இருந்த சாமானைப் பிரிச்சு அதின்ர அமைப்பை 1971இல வெளியிட்டவை, அது கலத்துக்க என்ன செய்யுது எண்டதை 1979இல சூசன் ஹோர்விற்ஸ் கண்டுபிடிச்சவா, சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைச்சது 1992. முப்பது வருசம். அந்தத் தேடலில ஒரு லட்சத்துக்கு மேல செடிச் சாறு பரிசோதிச்சவை, அதில பேர் சொல்லுற மாதிரித் தேறினது இதுவும் கம்ப்ரொதெசின் எண்ட இன்னொண்டும்தான். போதாக்குறைக்கு நூறு வருசத்து மரம் ஒண்டைக் கொண்டு பட்டை உரிச்சா ஏறக்குறைய ஒரு தடவைக்குக் காணுற மருந்துதான் வரும், காடே காணாது, பிறகு வேற யூ இனத்தின்ர இலையில இருந்து பாதி செய்து மீதியை ஆய்வுகூடத்தில முடிக்கிற வழி வந்த பிறகுதான் எங்கட ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

மருந்து ஏத்திற அண்டைக்கு நான்தான் கூடப் போறது. முதல் தடவை நேர்ஸ் பிள்ளை வந்து கண்ணாடிப் போத்தலைத் தொங்கவிட்டு, ரியூப்பில ஒரு சின்ன பில்ரரும் பூட்டினவா. சேலைன் எல்லாம் பிளாஸ்ரிக்கில வருது, இதுக்கு மட்டும் ஏன் கண்ணாடி எண்டு கேட்டன். அவா கையில வேலை, ஆனாலும் நிண்டு சொன்னவா, இந்த மருந்து தண்ணியில கரையாதாம், ஆமணக்கெண்ணெயில இருந்து செய்யிற ஒரு திராவகத்திலயும் அற்ககோலிலயும்தான் கரைக்கிறதாம், அது சில பிளாஸ்ரிக்கில இருக்கிற சாமானை இழுத்துக்கொண்டு வந்திடுமாம். அந்தத் திராவகம் சில பேருக்கு ஒத்துவராமல் மூச்சு முட்டும் எண்டுதான் முதலே ரெண்டு மூண்டு ஊசி போடுறது. சின்னம்மா கதிரையில சாஞ்சு கிடந்தவா கண்ணைத் திறந்து, "ஆமணக்கெண்ணெயோ பிள்ளை? எங்கட அம்மா மாசத்துக்கு ஒருக்கா மூக்கைப் பொத்தி வாய்க்குள்ள ஊத்துவா, இப்ப நாளத்துக்க ஊத்துறியளோ?" எண்டா. அந்த அறையில நாலு பேர் மருந்து ஏறிக்கொண்டு கிடந்தவை, நாலு பேரும் சிரிச்சவை.

த்ரஸ்ருசுமாப் வேற விதம். அது செடி இல்லை, ஒரு எதிர்ப்பொருள், எங்கட உடம்பு கிருமியைப் பிடிக்கச் செய்யிற புரதம் மாதிரி ஒண்டு, சீனத்துச் சிற்றெலி மாதிரி ஒரு பிராணி கிடக்கு, ஹம்ஸ்ரர், அதின்ர கலத்தைத் தொட்டியில வளர்த்து அதுக்குள்ள செய்விக்கிறது. 1998இல அமெரிக்காவில அனுமதி. போய் அந்த ஹேர் 2 புரதத்தில மட்டும் ஒட்டும், பெருகு எண்டு சொல்லுற வாயைப் பொத்தும், இவன்தான் கள்ளன் எண்டு எங்கட நோயெதிர்ப்புக் கலங்களுக்குக் காட்டியும் குடுக்கும். தலைமயிர் கொட்டினது இதால இல்லை, பக்லிரக்சலால. ஆனா இதுக்கும் சும்மா விடேலாது, இருதயத்தில கொஞ்சம் கை வைக்கும், அதுக்காக மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எக்கோ. தொடக்கத்தில காசுள்ளவைக்கு மட்டும் எண்டு கிடந்த மருந்து, 2014இல இருந்து இந்தியாவில நகல் வடிவம் செய்யத் தொடங்கின பிறகு விலை இறங்கினது.

எனக்குப் பிடிச்ச பகுதி, செடி நஞ்சையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கட்டினது. எத்தியோப்பியாவில ஒரு பத்தைச் செடி, அதில இருந்து 1972இல மேற்றான்சின் எண்டு ஒண்டு எடுத்தவை. சரியான கடும் நஞ்சு. ஆக்களுக்குக் குடுத்துப் பாத்தவை, புற்றுநோயைவிட ஆளைத்தான் கூட வருத்தினது, கைவிட்டுட்டினம். கிட்டத்தட்ட நாற்பது வருசத்துக்குப் பிறகு அந்த நஞ்சின்ர ஒரு வடிவத்தை த்ரஸ்ருசுமாப்பின்ர முதுகில கட்டி அனுப்பினவை, எதிர்ப்பொருள் ஹேர் 2 கதவைத் தட்டும், கலம் அதை உள்ளுக்கு இழுக்கும், உள்ளுக்க போய்த்தான் மூட்டை அவிழும். 2013இல அனுமதி. பிறகு அதே முதுகில கம்ப்ரொதெசின் வகை ஒண்டைக் கட்டினது 2019. அப்ப நஞ்சு பழசு, செடியும் பழசு, புதுசாச் சேர்ந்தது விலாசம் மட்டும்தான். சின்னம்மாவுக்கு இது சொன்னப்ப அவா "பேதுருவுக்குக் கடிதம் எழுதி பவுலின்ர விலாசத்துக்குப் போட்டா என்ன நடக்கும்" எண்டா, ஒரு மாதிரி விளங்கிக்கொண்டா.

சரி கப்சூலுக்கு வருவம். அன்னமுன்னாவில ஒண்டும் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. அசிற்றோஜெனின் எண்டு ஒரு கூட்டம் இருக்கு, ஆய்வுகூடத் தட்டில வளர்த்த புற்றுநோய்க் கலத்தில ஊத்தினாக் கலம் சாகுது, மெய்தான், கலத்தின்ர சக்தி செய்யிற இடத்தையே அடைச்சுப் போடும். ஆனா தட்டில கிடக்கிற கலத்தில சவுக்காரத் தண்ணி ஊத்தினாலும் சாகும். பத்தாயிரம் மடங்கு எண்டு வாறது இந்தத் தட்டுக் கணக்குத்தான், ஆளில செய்து பாத்து இத்தினை பேருக்குக் கட்டி சுருங்கினது எண்டு காட்டின ஒழுங்கான பரிசோதனை ஒண்டும் இல்லை. மற்றது, சக்தி செய்யிற இடத்தை அடைக்கிறது நல்ல கலத்திலயும் அடைக்கும், முக்கியமா மூளையில. கரீபியன் தீவில குவாடலூப் எண்ட இடத்தில, பார்க்கின்சன் மாதிரியான ஒரு நடுக்க வருத்தம் கூடக் கிடந்த ஆக்கள் அன்னமுன்னாப் பழமும் இலைத் தேத்தண்ணியும் கூடக் குடிச்ச ஆக்கள் எண்டு 1999இல லான்செற் எண்ட மருத்துவச் சஞ்சிகையில எழுதினவை. அதுதான் காரணம் எண்டு முடிவாகேல்லை, பழம் ஒண்டு ரெண்டு சாப்பிடுறதுக்குப் பயப்படத் தேவையில்லை, நான் இப்பவும் கிணத்தடிப் பழம் சாப்பிடுறன். நாளைக்கு நாலு கப்சூல் மாசக் கணக்கில எண்டது வேற கதை.

மஞ்சள் இன்னும் பாவம். இறக்குமதியை நிப்பாட்டினதால 2020இல மஞ்சள் விலை எங்க போனதெண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கடலால கடத்தி நேவி பிடிச்சு, தங்கம் மாதிரி. அவ்வளவு விலை குடுத்து வேண்டிக் குடிச்சாலும் மஞ்சளில இருக்கிற குர்க்குமின் எண்ட சத்து குடலால இரத்தத்துக்கு ஏறுறது கொஞ்சநஞ்சம், ஈரல் உடன கழிச்சுப் போடும். அதுக்காகத்தான் மிளகுச் சத்து சேர்க்கிறது, பிப்பரின் ஈரலின்ர அந்த வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், மஞ்சள் கூட நேரம் இரத்தத்தில நிக்கும். வடிவாக் கேட்டியளோ, ஈரலை மந்தப்படுத்தும். பக்லிரக்சலைக் கழிக்கிறதும் அதே ஈரல்தான். இதைக் கடையில ஒருத்தரும் சொல்லேல்லை, சொல்லத் தெரிஞ்சிருக்கவும் மாட்டினம். மிளகுச் சத்தோட சேர்த்த மஞ்சள் கப்சூலால ஈரல் பழுதான ஆக்களைப் பற்றி அமெரிக்க டொக்டர்மார் எழுதியே வைச்சிருக்கினம்.

சின்னம்மா பத்து நாள் குடிச்சவா. பிறகு வழமை மாதிரி மருந்துக்கு முதல் இரத்தம் எடுத்துப் பாக்கேக்க, ஈரல் பழுதைக் காட்டுற எஸ்.ஜி.பி.ரி சாதாரண அளவைவிட நாலு மடங்கு. டொக்டர் துண்டைப் பாத்துப்போட்டு, "அம்மா, நாங்கள் தாறதைத் தவிர வேற ஏதும் எடுக்கிறீங்களோ, கசாயம், பவுடர், கப்சூல்?" எண்டு கேட்டவர். சின்னம்மா "இல்லை டொக்டர்" எண்டுட்டு என்னைப் பாத்தா. நான் நிலத்தைப் பாத்தன். பிறகு நான்தான் சொன்னனான், சொல்லேக்க எனக்கு அஞ்சாம் வகுப்பில பிடிபட்ட மாதிரி இருந்தது. அவர் பேசேல்லை. போத்தலைக் கொண்டு வந்து காட்டச் சொன்னவர், பாத்துப்போட்டு இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாததுதான் தனக்குப் பெரிய பிரச்சினை எண்டவர், அடுத்த மருந்தைத் தள்ளி வைச்சவர். ரெண்டு கிழமை தள்ளுப்பட்டது. கப்சூல்தான் காரணம் எண்டு சத்தியம் செய்ய ஏலாது, பக்லிரக்சலே அப்பிடிச் செய்யக்கூடியதுதான். ஆனா கப்சூலை நிப்பாட்டிப் பத்து நாளில எஸ்.ஜி.பி.ரி இறங்கினது, திரும்ப மருந்து தொடங்கினாப் பிறகு ஏறேல்லை. அந்த ரெண்டு கிழமையும் வீட்டில ஒருத்தரும் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை, கனடாவில இருக்கிறவனுக்கு நான் சொல்லவும் இல்லை, இதை வாசிச்சா இப்பத்தான் தெரியும்.

சித்த மருத்துவத்துக்கு நான் எதிரி எண்டு ஆரும் வரிஞ்சு கட்டிக்கொண்டு வராதேங்கோ. கைதடியில சித்த போதனா வைத்தியசாலை இருக்கு, படிச்ச வைத்தியர்கள் இருக்கினம், சேராங்கொட்டை மாதிரிப் பொல்லாத சாமானைக் கூட அவை சுத்தி செய்து, நாள் கணக்குப் பாத்து, பத்தியம் சொல்லித்தான் குடுப்பினம், அங்கயும் அளவு எண்டது பெரிய விசயம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில கருஞ்சீரகம், நன்னாரி, அதோட இன்னொரு கிழங்கு சேர்ந்த பழைய கசாயம் ஒண்டை ஈரல் புற்றுநோய்க் கலத்திலயும் எலியிலயும் வைச்சு வருசக் கணக்காப் பாத்து எழுதியிருக்கினம். அது சரியான பாதை. நான் சண்டை பிடிக்கிறது அந்தப் பாதையில ஒரு அடியும் வைக்காமல் முடிவை மட்டும் போத்தலில அடைச்சு 7,800க்கு விக்கிறவையோட. எங்கட நாட்டில ஆம்பிளையளுக்கு ஆக அதிகமா வாற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், வெத்திலை பாக்கு புகையிலையால, அதுவும் இயற்கைதான், நூற்றுக்கு நூறு.

இன்னொண்டு இடையில சொல்லவேணும், ஒரு காலத்தில இஞ்ச ஆருக்கும் புற்றுநோய் எண்டா மகரகமவுக்குத்தான் ஓட வேணும், கொழும்பில தங்க இடமில்லாமல், சிங்களம் தெரியாமல், எங்கட அப்பப்பாவை அப்பிடித்தான் கொண்டு போனவை. 2011இல தெற்கு முனைத் தெவுந்தரையில இருந்து வடக்கு முனைப் பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டினது. இலவசமா இவ்வளவு கிட்டக் கிடைக்கிறதை வைச்சுக்கொண்டு, காசு குடுத்து அதுக்கு இடைஞ்சல் செய்தனான் எண்டது எனக்கு இப்பவும் தொண்டைக்க நிக்குது.

சரி, மிச்சம் இருந்த போத்தலைக் கொண்டு திரும்பக் கடைக்குப் போனனான். அதே தம்பிதான் நிண்டவன். ரிப்போட்டைக் காட்டினன், தராசுக் கதையும் சொன்னன். உண்மையாச் சொல்றன், அவன்ர முகம் செத்துப் போச்சு. அவனுக்கு இது ஒண்டும் தெரியாது, சப்ளை பண்ணுறவை வந்து ரெண்டு மணித்தியாலம் வகுப்பு எடுத்திட்டுப் போனவையாம், அதில சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொல்லுறதாம். "அண்ணை, என்ர அம்மம்மாவுக்கும் இதைத்தான் குடுத்தனான்" எண்டான், அவாவுக்கு வேற வருத்தம், சும்மா சத்துக்கெண்டு. இனி கீமோ எண்டு ஆரும் வந்தா டொக்டரிட்டக் காட்டிக் கேட்டுட்டு வாங்கோ எண்டு சொல்லு எண்டன், ஓம் எண்டவன், சொல்லுவானோ தெரியாது, முதலாளி உள்ளுக்க இருந்து எட்டிப் பாத்துக்கொண்டிருந்தவர். கடைக்கு மார்க் போட ஏலாமல் நிக்கிறது உதாலதான்.

காசு திருப்பித் தாற வழக்கம் இல்லை, பொருள் மாத்தலாம், உடைச்ச போத்தல் எண்டாப் பாதி விலைக்குத்தான். பனங்கற்கண்டு ரெண்டு கிலோ, நன்னாரி வேர், வேப்பம்பூ எண்டு எடுத்தும் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் மிஞ்சினது, தட்டில ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் ஒண்டு இருந்தது, அதையும் தூக்கிக்கொண்டு வந்து சின்னம்மாவிட்டக் குடுத்தன். அவா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "பில்ரரும் பூட்டித் தந்தவையோ?" எண்டு கேட்டுப்போட்டு விளக்குத் தட்டில கொண்டு போய் வைச்சா.